விசா முடிந்த முதுமை

ஒரு நாடு கொடுத்த அனுமதிக் காலம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டு முதியவரை அரசு என்ன செய்யலாம் என்பதைச் சட்டம் சொல்லிவிடுகிறது: அபராதம், தடுப்புக் காவல், நாடு கடத்தல், திரும்பி வரத் தடை. என்ன செய்வது நியாயம் என்பதை அது சொல்வதில்லை. விதி மீறப்பட்டது உண்மை. மீறியவருக்கு இனி வேறெங்கும் வாழ்க்கை இல்லை என்பதும் உண்மையாக இருக்கக்கூடும். இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்ற கேள்வி, நீதிக்கும் இரக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய மிகப் பழைய விவாதத்தைச் சேர்ந்தது. மெய்யியலும் சமயங்களும் அதற்குத் தந்துள்ள விடைகளைச் சோதித்துப் பார்க்க, அந்தக் கேள்வி அன்றாடம் எழும் ஒரு நாட்டை முன்னே வைத்துக்கொள்ளலாம். தாய்லாந்து அப்படிப்பட்ட நாடு.

தாய்லாந்தின் விதிகள்

50 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தாய்லாந்து இடம் தருகிறது. ஆனால் அது நிரந்தர வசிப்புரிமை அன்று. பெரும்பாலோருக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் அனுமதி மட்டுமே. நீட்டிப்புக்குத் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு இருக்கவேண்டும்; அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டவேண்டும்; இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு 8 லட்சம் என்றும் கணக்குக் காட்டலாம். 90 நாளுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தைக் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். இருபது ஆண்டு தங்கியவரும் இருபத்தோராம் ஆண்டில் புதிதாக வந்தவரைப் போலவே வங்கிப் புத்தகத்தோடு வரிசையில் நிற்கிறார்.

அனுமதி முடிந்து தங்குவது 1979ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். நாளொன்றுக்கு 500 பாட் வீதம் அபராதம்; உச்ச வரம்பு 20,000 பாட். நாற்பது நாளில் அந்த வரம்பை எட்டிவிடுவதால், அதன் பிறகு ஒரு மாதம் தங்கினாலும் ஒன்பது ஆண்டு தங்கினாலும் தொகை ஒன்றே. இந்த ஓட்டையை அடைக்க 2016 மார்ச் 20 முதல் மறுநுழைவுத் தடை கடுமையாக்கப்பட்டது. தாமாக முன்வந்து வெளியேறுபவருக்கு, 90 நாளுக்கு மேல் தங்கியிருந்தால் ஓராண்டுத் தடை. ஓராண்டுக்கு மேல் என்றால் மூன்றாண்டு. மூன்றாண்டுக்கு மேல் என்றால் ஐந்தாண்டு. ஐந்தாண்டுக்கு மேல் என்றால் பத்தாண்டு. பிடிபட்டவருக்கு, ஓராண்டுக்குள் என்றால் ஐந்தாண்டு, அதற்கு மேல் என்றால் பத்தாண்டு. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு இந்தத் தடை பொருந்தாது. இளமையைக் கணக்கில் எடுக்கத் தெரிந்த இந்த விதி முதுமையைக் கணக்கில் எடுக்கவில்லை. முப்பது வயதுக்காரருக்குப் பத்தாண்டுத் தடை ஒரு தண்டனை. எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது ஆயுள் தண்டனை. ஒரே எண் இருவருக்கும் ஒரே அளவாக அமைவதில்லை.

பிடிபட்டவர் பாங்காக்கின் சுவான் புளூ பகுதியில் உள்ள குடிநுழைவுத் தடுப்பு மையத்துக்கு அனுப்பப்படலாம். நெரிசலுக்காக மனித உரிமை அமைப்புகள் பலமுறை கண்டித்த இடம் அது. அங்கிருந்து வெளியேற விமானச் சீட்டுக்கான பணத்தைத் தடுத்து வைக்கப்பட்டவரே திரட்டவேண்டும். பிரிட்டிஷ் தூதரகம் பொதுவாகச் சீட்டு வாங்கித் தருவதில்லை, மருத்துவமனைக் கட்டணத்தையும் கட்டுவதில்லை. அமெரிக்கா கடனாகத் தருகிறது. கையில் காசும் ஊரில் ஆளும் இல்லாத முதியவர் போக வழியின்றி அடைபட்டுக் கிடப்பது இதனால்தான்.

அனுமதி எப்படித் தவறிப்போகிறது

காலம் கடந்து தங்கும் முதியவர்களில் ஏமாற்றுக்காரர்களும் குற்றப் பின்னணி உள்ளவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கதை வேறு. அறுபது வயதில் நிபந்தனைகளை எளிதாக நிறைவேற்றியவர் எண்பதில் நிறைவேற்ற முடியாமல் போகிறார். விதியும் இடையில் இறுகிவிடுகிறது.

முதல் காரணம் பணம். 2000களின் நடுவில் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 70 பாட் அளவுக்குக் கிடைத்தது; 2019 வாக்கில் அது 40 பாட் அருகே இறங்கிவிட்டது. இதோடு, தாய்லாந்தில் வாழும் பிரிட்டிஷ் முதியவரின் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. பிரிட்டனோடு அதற்கான ஒப்பந்தம் இல்லாத நாடுகளில் குடியேறியவர்களுக்கு, அவர்கள் சென்றபோது இருந்த தொகையே கடைசிவரை. உலகெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் இந்த நிலையில் இருக்கிறார்கள். வருமானத்தை உறுதிசெய்து கடிதம் தந்துவந்த பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019 தொடங்கியபோது அந்த வழக்கத்தைக் கைவிட்டன. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து, 8 லட்சம் பாட் வைப்பில் பாதியை ஆண்டு முழுவதும் தொடவே கூடாது என்ற நிபந்தனை வந்தது. மருத்துவமனைச் செலவுக்கு அந்தப் பணத்தை எடுத்தவர் விசாவை இழக்கிறார். எடுக்காதவர் சிகிச்சையை இழக்கிறார்.

இரண்டாவது காப்பீடு. 2019 அக்டோபர் 31 முதல் நீண்டகால ஓய்வு விசாக்களில் ஒரு வகைக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமாயிற்று. எழுபதைக் கடந்தவர்களைச் சேர்க்கக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குகின்றன. சேர்த்தாலும் பழைய நோய்களுக்குப் பொறுப்பேற்பதில்லை. மூன்றாவது, குடும்பம். அந்நியர் பொதுவாக நிலம் வாங்க முடியாது என்பதால் வீடு மனைவியின் பெயரில் இருக்கும். அவர் இறந்தாலோ பிரிந்தாலோ வீடும் போகிறது, சில வேளை சேமிப்பும் போகிறது. நான்காவது மறதி நோய். நீட்டிப்பு நாளை மறந்தவர், பாஸ்போர்ட் எங்கே வைத்தோம் என்று தெரியாதவர், தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதிலேயே குழம்புபவர், எல்லோரும் சட்டத்தின் முன் காலம் கடந்து தங்கியவர்கள்தாம்.

ஒருமுறை தவறிவிட்டால் சரிசெய்வது கடினம். நாட்டுக்குள் இருந்தபடியே நிலையை ஒழுங்குபடுத்த முடியாது. வெளியேறி அபராதம் கட்டி, தடை இருந்தால் அது முடிந்து வரவேண்டும். நோயுற்றவருக்கு மருத்துவச் சான்றின் பேரில் குறுகிய நீட்டிப்புக் கிடைக்கும். ஆனால் முதுமை சில மாதங்களில் குணமாகும் நோய் அன்று.

சட்டத்தின் முன் சமம் என்ற வாதம்

அரசின் தரப்பில் சொல்லப்படும் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. யார் உள்ளே வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்று தீர்மானிப்பது ஓர் அரசியல் சமூகத்தின் அடிப்படை உரிமை. அமெரிக்க மெய்யியலாளர் மைக்கேல் வால்சர் 1983இல் வெளியிட்ட ‘நீதியின் தளங்கள்’ என்ற நூலில், தன் உறுப்பினர்களைத் தானே தெரிவுசெய்ய முடியாத சமூகம் தன் இயல்பையே இழந்துவிடும் என்று வாதிட்டார். இந்தப் பார்வையில் விசா ஓர் ஒப்பந்தம். நிபந்தனைகளைத் தெரிந்தே கையெழுத்திட்டவர், நிறைவேற்ற முடியாத நாள் வரும்போது வெளியேற ஒப்புக்கொண்டவராகிறார். பணத்தைச் சிக்கனமாகச் சேர்த்துவைத்து ஆண்டுதோறும் விதியை நிறைவேற்றும் மற்றொரு முதியவர் இருக்கும்போது, மீறியவரை மன்னிப்பது ஒழுங்காக நடந்தவரை ஏமாற்றுவதாகும். அந்நிய முதியவர்கள் கட்டாமல் விட்டுச்செல்லும் சிகிச்சைக் கட்டணம், சொந்த மக்களுக்கே போதாத அரசு மருத்துவமனைகளின் தலையில் விழுகிறது. தாய்லாந்தும் விரைவாக மூப்படையும் நாடு. அங்கே ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அறுபதைக் கடந்தவர்.

குடிமகனுக்கும் அந்நியருக்கும் இடையிலான எல்லையை அந்நாட்டுச் சட்டமும் வெளிப்படையாகவே வரைந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் முதியோர் சட்டம், அறுபது வயதுக்கு மேற்பட்ட தாய்லாந்துக் குடிமக்களையே முதியோர் என்று வரையறுக்கிறது. ஏப்ரலில் சொங்கிரான் புத்தாண்டின்போது முதியவர்களின் கைகளில் நீர் வார்த்து ஆசி பெறும் வழக்கம் அங்கே உண்டு. அந்தச் சடங்கில் அண்டைவீட்டு வெளிநாட்டு முதியவரும் உட்கார்ந்திருப்பார். சட்டத்தின் கண்ணில் அவர் முதியவரே அல்லர், அந்நியர்.

சமத்துவ வாதத்தின் வலிமை அது ஆளைப் பார்க்காததில் இருக்கிறது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒரு விதியை மீறியவரைக் குற்றம் சாட்ட வேண்டுமானால் அவரால் அதைப் பின்பற்ற முடிந்திருக்கவேண்டும். மறதி நோய்க்கு ஆட்பட்டவரிடமும், படுக்கையை விட்டு எழ முடியாதவரிடமும், மீறல் இருக்கிறது. மீறும் எண்ணம் இல்லை. ஒப்பந்தம் என்ற உவமையும் ஓரளவுக்கே பொருந்தும். ஒப்பந்தத்தின் ஒரு தரப்பான அரசு, நிபந்தனைகளை இடையில் தன் விருப்பப்படி மாற்றுகிறது. மறு தரப்பால் தன் வயதை மாற்ற முடிவதில்லை.

காலம் தரும் உரிமை

நீண்டகாலம் தங்குவதே ஓர் உரிமையைத் தருமா என்பது அடுத்த கேள்வி. அனுமதிக் காலம் என்ற கருத்து புதியது அன்று. பிளேட்டோ தம் கடைசிக் காலத்தில் எழுதிய ‘சட்டங்கள்’ என்ற நூல், நகரில் குடியேறும் அந்நியருக்கு இருபது ஆண்டு வரம்பு விதிக்கிறது. அதன்பின் அவர் தம் உடைமைகளோடு வெளியேறவேண்டும். ஆனால் நகருக்குக் குறிப்பிடத்தக்க நன்மை செய்தவர், மன்றத்தையும் அவையையும் இணங்கவைத்துக் காலத்தை நீட்டிக்கலாம், வாழ்நாள் முழுவதும் தங்கவும் அனுமதி பெறலாம். அந்த நூலில் கிரீட் தீவில் உரையாடும் மூவரும் முதியவர்கள். சட்டத்தை எடுத்துரைப்பவரே ஏதென்ஸிலிருந்து வந்த அந்நியர். பிளேட்டோவின் விதிவிலக்கு நன்மை செய்ததற்கான பரிசு. தங்கிய காலத்துக்கு அங்கே தனி மதிப்பு இல்லை.

இக்காலத்தில் அந்த மதிப்பை வலியுறுத்துபவர் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோசப் கேரன்ஸ். ‘குடியேற்றத்தின் அறவியல்’ என்ற அவருடைய நூல் 2013இல் வெளியாயிற்று. தங்கும் உரிமை பற்றிய தம் வாதத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நிகழ்வுகளில் ஒன்று ஒரு மூதாட்டியைப் பற்றியது. அமெரிக்காவில் பிறந்து, சிறு குழந்தையாகத் தாயோடு ஸ்காட்லாந்துக்கு வந்து, அங்கேயே வளர்ந்து வாழ்ந்தவர் அவர். எண்பது வயதில் முதன்முறையாக வெளிநாடு போக விரும்பி, அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்து ஆஸ்திரேலியா சென்றார். 2007இல் திரும்பியபோது, பிரிட்டனில் வசிக்கும் உரிமை அவருக்கு இல்லையென்றும் நான்கு வாரத்தில் வெளியேறவேண்டும் என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். செய்தி வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்த பிறகே அவரைத் தங்க அனுமதித்தார்கள்.

சட்டத்தின் எழுத்துப்படி அதிகாரிகள் செய்தது தவறாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அது அபத்தம் என்பது கேட்டவுடனே எல்லோருக்கும் விளங்குகிறது. ஏன் விளங்குகிறது என்று கேரன்ஸ் கேட்கிறார். ஒருவரை ஒரு சமூகத்தின் உறுப்பினராக்குவது அரசின் முத்திரை அன்று. அங்கே அவர் வாழ்ந்த வாழ்க்கை. உறவுகள், நட்புகள், பழக்கங்கள், கடமைகள் எல்லாம் காலப்போக்கில் வேர் பிடிக்கின்றன. காலம் செல்லச்செல்ல அரசின் வெளியேற்றும் உரிமை தேய்கிறது, தங்கியவரின் உரிமை வளர்கிறது. அனுமதியின்றித் தங்கியவர்களுக்கும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குப் பின் இது பொருந்தவேண்டும் என்பது அவர் வாதம்.

சட்டங்கள் சிலவற்றில் இந்தக் கருத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தின் 249ஆம் பிரிவு, 1972 ஜனவரி 1க்கு முன் வந்து தொடர்ந்து வாழ்பவர்களுக்கு, எப்படி வந்தார்கள் என்று பாராமல் நிரந்தர வசிப்புரிமை கோர வழிசெய்கிறது. ஆனால் 1986இல் நிர்ணயித்த அந்தத் தேதி பிறகு நகர்த்தப்படவே இல்லை. பயன்பெறக்கூடியவர்கள் ஆண்டுதோறும் இறந்து குறைந்துவருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1984 ஏப்ரல் 2க்கு முன்பே மக்களோடு ஒன்றிக் கலந்துவிட்டவர்களுக்கு, விண்ணப்பம் எதுவும் இல்லாமலே சட்டத்தால் வந்துசேரும் விசா ஒன்று உண்டு. பிரிட்டனில் இருபது ஆண்டு வாழ்ந்தவர், அனுமதியோடு தங்கினாலும் அனுமதியின்றித் தங்கினாலும், வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். தாய்லாந்தில் காலம் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது: அனுமதியின்றித் தங்கிய ஆண்டுகள் கூடக்கூடத் தடையும் கூடுகிறது. ஒரே காலத்தை ஒரு சட்டம் வேராகப் பார்க்கிறது, மற்றொன்று கடனாகப் பார்க்கிறது.

கேரன்ஸின் வாதம் முதியவர்கள் எல்லோருக்கும் கைகொடுக்காது. எழுபத்தாறு வயதில் வந்து எழுபத்தேழில் விசாவைத் தவறவிட்டவருக்குக் காலத்தின் ஆதரவு இல்லை. அவருக்கு உதவக்கூடிய வாதம் வேறு இடத்திலிருந்து வரவேண்டும்.

திருப்பி அனுப்புவதன் எல்லை

அந்த வாதத்தின் வித்து இமானுவேல் கான்ட்டிடம் இருக்கிறது. 1795இல் எழுதிய ‘நிலையான அமைதி’ என்ற சிறுநூலில் அவர் அந்நியரின் உரிமையை மிகக் குறுக்கியே வரையறுத்தார். வேற்று மண்ணில் கால்வைத்ததற்காக ஒருவரைப் பகைவராக நடத்தக்கூடாது. அவருக்கு உள்ளது வந்துபோகும் உரிமைதான், விருந்தினராகத் தங்கும் உரிமை இல்லை. ஆனால் இந்தக் குறுகிய வரையறைக்குள்ளும் ஒரு நிபந்தனை வைத்தார்: திருப்பி அனுப்புவதால் அவருக்கு அழிவு நேராது என்றால்தான் திருப்பி அனுப்பலாம். கரையொதுங்கிய மாலுமியைக் கடலில் தள்ளக்கூடாது என்பது அதன் பொருள். முதியவருக்கு எது அழிவு என்று கேட்டால் அந்த நிபந்தனை விரிந்துவிடுகிறது. முப்பது ஆண்டு முன் விட்டுவந்த நகரில், வீடு இல்லாமல், உறவு இல்லாமல், மருந்துச் சீட்டு இல்லாமல், குளிர்காலத்தில் விமான நிலையத்தில் இறக்கிவிடப்படுவது இளைஞருக்குத் துன்பம். எண்பது வயதில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ‘திருப்பி அனுப்புதல்’ என்பதற்குள் திரும்பிப்போக ஓர் இடம் இருக்கிறது என்ற ஊகம் மறைந்திருக்கிறது. அந்த ஊகம் பொய்க்கும்போது அது வெறும் வெளியேற்றம்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்த எல்லையைத் தயக்கத்தோடு வரைந்துவருகிறது. குறுகியகால விசாவில் பின்லாந்துக்கு வந்து மகளோடு தங்கிவிட்ட ரஷ்ய மூதாட்டி ஒருவரின் வழக்கில், ரஷ்யாவிலும் முதியோர் பராமரிப்புக் கிடைக்கும் என்பதால் அவரை அனுப்புவது மனிதத்தன்மையற்ற செயல் ஆகாது என்று 2014இல் அது தீர்ப்பளித்தது. இரண்டாண்டு கழித்து 2016 டிசம்பரில், பெல்ஜியத்துக்கு எதிரான வேறொரு வழக்கில், கடும் நோயாளியை அனுப்பினால் அவர் உடல்நிலை விரைவாகவும் மீட்க முடியாதபடியும் சீர்கெட்டுக் கொடுந்துன்பமோ ஆயுள் குறைவோ நேருமானால் அனுப்பக்கூடாது என்றது. பராமரிப்பு ஏட்டளவில் இருந்தால் போதாது. அந்த மனிதருக்கு உண்மையில் கிட்டுமா என்பதைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னது. மகனைவிட்டு, மகளைவிட்டுப் பிரிவதால் வரும் துன்பம் இந்த அளவுகோலில் அகப்படுவதில்லை.

தடுப்புக் காவலும் இதே வகைதான். ஓடிப்போய்விடுவார் என்ற அச்சமே காவலுக்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவரிடம் அந்தக் காரணம் இல்லை. 2013இல் பிரிட்டனில், மறதி நோய் கொண்ட 84 வயதுக் கனடா நாட்டவர் ஒருவர் நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் ஹார்மண்ட்ஸ்வொர்த் தடுப்பு மையத்தில் வைக்கப்பட்டார். காவலில் வைக்கத் தகுந்த உடல்நிலை இல்லை என்று மருத்துவர் எழுதியும் விடுவிக்கவில்லை. மருத்துவமனையில் கைவிலங்கோடு இறந்தார். சிறைகளைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளரின் அறிக்கை அடுத்த ஆண்டு இதை வெளியிட்டுக் கடுமையாகச் சாடியது. 2016இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த வழிகாட்டுதல், 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் காவலில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த மையத்தில் பணியாற்றிய ஒவ்வொருவரும் கொடியவர் என்று நினைக்கத் தேவையில்லை. விலங்கிட்டவர் விதிமுறையைப் பின்பற்றினார். வயதையும் நோயையும் பார்த்து நிறுத்தச் சொல்லும் விதி செயல்படவில்லை.

சமயங்களின் விடை

முதுமைக்கும் அந்நியத்தன்மைக்கும் தனித்தனியே இடம் தராத சமயம் இல்லை. இரண்டையும் ஒருசேர வைக்கும் இடங்கள் அரிது. எபிரேய வேதத்தின் லேவியராகமம் அத்தகைய இடம். அதன் பத்தொன்பதாம் அதிகாரத்தில், நரைத்தவர் முன் எழுந்து நிற்கவேண்டும் என்ற கட்டளைக்கு அடுத்தே, நாட்டில் தங்கும் அந்நியரை ஒடுக்காமல் சொந்த மக்களைப் போல நேசிக்கவேண்டும் என்ற கட்டளை வருகிறது. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். முதுமைக்கும் அதே தர்க்கம் பொருந்தும், இன்னும் உறுதியாக. இன்றைய இளைஞர் அந்நியராக ஆகாமலே போகலாம். உயிரோடு இருந்தால் முதியவராக ஆகாமல் இருக்க முடியாது.

தாய்லாந்தின் பெரும்பான்மைச் சமயமான தேரவாத பௌத்தத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் கேட்கின்றன. ஒன்று கர்மக் கோட்பாட்டின் எளிய வடிவம்: தன் செயலின் பயனைத் தானே துய்க்கிறார், சேமிக்காதது, குடும்பத்தை விட்டுவந்தது, விதியை அலட்சியம் செய்தது எல்லாம் அவர் வினை. மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்ற நான்கு உயர்நிலைகளில் கடைசியான உபேட்சையை, கைகட்டி நிற்பதற்கான அனுமதியாகப் பொருள்கொள்வதும் உண்டு.

மற்றொரு விடை துறவியருக்கான சட்டநூலான விநய பிடகத்தில் இருக்கிறது. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு துறவியைப் புத்தரும் ஆனந்தரும் காண்கிறார்கள். ஏன் யாரும் உன்னைக் கவனிக்கவில்லை என்று கேட்டபோது, நான் மற்ற துறவியருக்குப் பயன்படாதவன், அதனால் கவனிக்கவில்லை என்கிறார் நோயாளி. புத்தர் நீர் ஊற்ற, ஆனந்தர் அவரைக் கழுவுகிறார்; இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். பின் புத்தர் சங்கத்தைக் கூட்டி, உங்களுக்குத் தாயும் இல்லை தந்தையும் இல்லை, ஒருவரை ஒருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார் என்கிறார். வீட்டை விட்டு வெளியேறி, உறவற்ற இடத்தில் முடங்கிக் கிடப்பவரின் நிலை அது. அவரைப் பயன்படாதவர் என்று ஒதுக்கிய சமூகத்தின் நிலையும் அதில் தெரிகிறது. கதை அங்கே முடியவில்லை. நோயுற்றவரைக் கவனிக்கும் பொறுப்பு முதலில் அவருடைய குருவுக்கு, பிறகு சீடருக்கு, உடன் வசிப்பவருக்கு, யாரும் இல்லையென்றால் சங்கம் முழுமைக்கும் என்று வரிசையாக விதிக்கப்படுகிறது. கவனிக்கத் தவறுவது குற்றம் ஆகிறது. புத்தர் காட்டிய பரிவு அதே இடத்தில் விதியாகவும் மாறிவிட்டது. கர்ம வாதத்துக்கும் இங்கே பதில் உண்டு: மற்றவர்களைக் கவனிக்காமல் இருந்தது அந்தத் துறவியின் வினை என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் சங்கத்தின் கடமை நீங்கிவிடவில்லை.

அரசருக்கு உரியவையாகப் பௌத்தம் சொல்லும் பத்துத் தர்மங்களிலும் இதே சமநிலை தெரிகிறது. மென்மை, சினமின்மை, துன்புறுத்தாமை ஆகியவற்றோடு, நெறியிலிருந்து வழுவாமையும் அதே பட்டியலில் நிற்கிறது. இரக்கத்தையும் முறையையும் எதிரிகளாக அது எண்ணவில்லை.

கண்ணோட்டமும் முறையும்

இரக்கத்தைத் தனிமனிதப் பண்பாக மட்டும் வைத்தால் அரசு அலுவலகத்தில் அதற்கு வேலை இல்லை. திருக்குறள் இதை வேறு விதமாக அடுக்கியிருக்கிறது. துறவறவியலில் வரும் அருளுடைமை எல்லா உயிர்மேலும் செல்லும் கருணை. பரிவோடு நோக்குவதைக் குறிக்கும் கண்ணோட்டம் என்ற 58ஆம் அதிகாரமோ பொருட்பாலின் அரசியலில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவற்றை அடுத்து வருகிறது. ஆளுபவருக்கும் அவர் பணியாளருக்கும் உரிய ஆட்சிப் பண்பாக அது அங்கே நிற்கிறது. அதற்கு ஒரு வரம்பும் உண்டு: செய்யவேண்டிய கடமை சிதையாதபடி கண்ணோட வல்லவர்களுக்கே உலகு உரியது என்பது அந்த அதிகாரத்தின் கருத்துகளில் ஒன்று. கடமையைக் கைவிட்டுக் காட்டும் பரிவும், பரிவைக் கைவிட்டுச் செய்யும் கடமையும் இரண்டுமே அங்கே குறைபாடுகள்தாம்.

அரிஸ்டாட்டிலும் ‘நிகோமேக்கிய அறவியல்’ நூலின் ஐந்தாம் பகுதியில் இதே இடத்துக்கு வேறு வழியாக வருகிறார். சட்டம் பொதுவாகத்தான் பேசமுடியும். எல்லா நிகழ்வுகளையும் அது முன்கூட்டிக் காண முடியாது. அது காணாத நிகழ்வு வரும்போது, சட்டம் இயற்றியவரே இங்கிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பார்த்துத் திருத்துவதும் நீதியே என்கிறார். ஓய்வூதியர் விசாவை வகுத்தவர்கள் ஐம்பது வயதில் நல்ல உடலோடும் சேமிப்போடும் வருபவரை மனத்தில் வைத்தே வகுத்தார்கள். வந்தவர் அங்கேயே மூப்படைவார் என்பது அந்த விசாவின் இயல்பிலேயே இருந்தும் விதி அதைக் காணவில்லை. இது ஒழுங்கை மீறியவரின் குறை மட்டும் அன்று. ஓய்வுக்காலத்தை வரவேற்று அதன் முடிவை எண்ணிப்பார்க்காத சட்டத்தின் குறையும் ஆகும்.

ஆனால் திருத்தும் வேலையை அதிகாரியின் மனநிலைக்கு விட்டுவிட்டால் புதிய அநீதி பிறக்கிறது. நல்ல அதிகாரி வாய்த்தவர் தப்புகிறார், வாய்க்காதவர் காவலுக்குப் போகிறார். செய்தித்தாளில் படம் வந்த மூதாட்டிக்கு விலக்கு, யாரும் அறியாதவருக்கு விமானம். கெஞ்சிப் பெறும் சலுகை பெறுபவரின் மதிப்பைக் குறைக்கிறது. கையூட்டுக்கும் கதவு திறக்கிறது. எனவே விநய பிடகத்தின் வழியே சரியானது: இரக்கம் விதியாக எழுதப்பட வேண்டும். குறிப்பிட்ட வயதும் குறிப்பிட்ட ஆண்டு வசிப்பும் உடையவர் தங்க விண்ணப்பிக்கும் உரிமை, முதியவருக்குக் காவலுக்குப் பதிலாக வீட்டிலிருந்தே முறையிடும் ஏற்பாடு, அனுப்பும் முன் அங்கே வரவேற்க ஆளும் இடமும் மருத்துவமும் உண்டா என்று உறுதிசெய்யும் கடமை, மறதி நோயாளியைக் குற்றவாளியாக நடத்தாமை, முதியவருக்கு மறுநுழைவுத் தடை விதிக்காமை ஆகியவை அத்தகைய விதிகளாக அமையலாம். இவற்றில் எதுவும் நாட்டின் எல்லையை அழிப்பதில்லை. இளைஞர் ஒருவரும் இவற்றைக் காட்டித் தங்கிவிட முடியாது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் புகலிட நாடு தனியாக நிற்கவேண்டியதில்லை. ஒருவர் உழைத்து வரி கட்டிய நாடு அவருடைய ஓய்வூதியத்தை உறையவைத்து, மருத்துவக் காப்பை எல்லைக்குள் நிறுத்தி, தூதரகத்தின் பொறுப்பைச் சுருக்கிக்கொண்டால், அவர் விசாவை இழந்ததில் அந்த நாட்டுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே செல்லாது. சங்கத்தில் பொறுப்பு குருவிலிருந்து தொடங்கி வரிசையாக நீண்டதைப் போல, இங்கும் முதல் பொறுப்பு பிறந்த நாட்டுக்கும், அது தவறினால் வாழும் நாட்டுக்கும் என்று இரு அரசுகளும் ஒப்பந்தத்தால் பகிர்ந்துகொள்ளலாம்.

யார்மேல் இரக்கம்

இந்த விவாதத்தில் எளிதாகத் தவறவிடக்கூடியது ஒன்று உண்டு. தாய்லாந்தின் தடுப்பு மையங்களில் இருப்பவர்களில் மேற்கத்திய ஓய்வூதியர் சிறுபான்மை. மியன்மார், கம்போடியா, லாவோஸ் நாட்டுத் தொழிலாளர்களும், 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் தாய்லாந்து சேராததால் சட்டப்படி அகதிகளாக ஏற்கப்படாதவர்களும் அங்கே அதிகம். மீன்பிடிப் படகிலும் கட்டட வேலையிலும் உழைத்து மூப்படைந்த மியன்மார்த் தொழிலாளிக்கு 8 லட்சம் பாட் வைப்பு என்பது கனவிலும் வராத தொகை. ஓய்வு விசாவின் வாசலே அவருக்குத் திறந்ததில்லை. தம் நாட்டின் வசதியை விட்டு வெப்பமான கடற்கரையைத் தேடி வந்தவருக்கு மனமிரங்கும் செய்தியாளர், வயிற்றுப்பாட்டுக்கு எல்லை தாண்டி வந்து அங்கேயே முதுமையடைந்தவரைக் கண்டுகொள்ளாவிட்டால், அவர் இரங்குவது முதுமைக்காக அன்று, தோலுக்காகவும் கடவுச்சீட்டுக்காகவும்தான்.

மேலே கண்ட வாதங்கள் எதுவும் அந்த வேறுபாட்டை அனுமதிப்பதில்லை. வேர்பிடித்த காலம் என்ற கேரன்ஸின் அளவுகோல் தொழிலாளிக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பிளேட்டோ கேட்ட நன்மையையும் அவர் தம் உழைப்பால் செய்திருக்கிறார். கான்ட்டின் நிபந்தனை, போர் நடக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுபவருக்கு ஓய்வூதியரைவிடக் கூடுதலாகவே பொருந்துகிறது. எனவே முதியவர்களுக்கான விதி எழுதப்படுமானால், அது எந்த விசாவில் வந்தார், எவ்வளவு பணம் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. வயது, வசித்த காலம், திரும்பிப்போகும் இடத்தின் நிலை ஆகிய மூன்றையே அது பார்க்கவேண்டும். இந்த மூன்றையும் சோதித்த பிறகும் வெளியேற்ற வேண்டியவர்கள் இருப்பார்கள்: முதுமையைக் கேடயமாகக் கொண்டு குற்றம் செய்பவர், வசதியிருந்தும் விதியை மதிக்காதவர், தம் நாட்டில் காத்திருக்கும் குடும்பத்திடம் பாதுகாப்பாகத் திரும்பக்கூடியவர். முதுமை மீறலை இல்லாமல் ஆக்குவதில்லை. மீறலுக்கு அரசு எந்த அளவுவரை பதில் செய்யலாம் என்பதையே அது மாற்றுகிறது. அந்த அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு நுழைவாயிலில் அமர்ந்திருக்கும் அதிகாரியின் நல்ல மனத்துக்கு அன்று, சட்டம் இயற்றும் அவைக்கே உரியது.